திருச்சி – யாழ்ப்பாணம் விமானம்: தூரம் எவ்வளவு, நேரம் எவ்வளவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 மார்ச் 30 அன்று இண்டிகோ நிறுவனம் திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேரடி விமானம் விடத் தொடங்கியது. அப்போதிலிருந்து திருச்சிக்காரர்களும் யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர்களும் மாற்றி மாற்றிக் கேட்கும் கேள்விகள் இவை. அட்டவணையும் கட்டணமும் பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை, டிக்கெட் எடுக்கும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள். தூரமும் ஓடுபாதையும் அப்படி மாறிவிடாது.

திருச்சி விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணம் விமான நிலையத்துக்கும் இடையே தூரம் எவ்வளவு?

வான்வழியில் சுமார் 184 கிலோமீட்டர். மைலில் 114, விமானிகள் பேசும் கடல் மைலில் 99.

இந்த எண்ணை மட்டும் சொன்னால் மனதில் நிற்காது. திருச்சி விமான நிலையத்திலிருந்து கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கு வான்வழித் தூரம் எவ்வளவு தெரியுமா? அதுவும் கிட்டத்தட்ட 184 கிலோமீட்டர்தான். மேற்கே போனால் கோவை, தென்கிழக்கே போனால் யாழ்ப்பாணம். நடுவில் கடல் கிடப்பதால் ஒன்று பக்கத்து ஊராகவும் மற்றது வெளிநாடாகவும் தோன்றுகிறது. சென்னை விமான நிலையம் திருச்சியிலிருந்து 293 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதாவது திருச்சிக்காரருக்குச் சென்னையைவிட யாழ்ப்பாணம் கிட்ட. யாழ்ப்பாணத்தார் பக்கமிருந்து பார்த்தாலும் இதே கதைதான்: யாழ்ப்பாணம் விமான நிலையம் இருக்கும் பலாலியிலிருந்து கொழும்பு ரத்மலானை விமான நிலையம் சுமார் 330 கிலோமீட்டர், திருச்சி அதில் பாதியைவிடச் சற்றுதான் அதிகம்.

ஒவ்வொரு இணையதளமும் ஒவ்வொரு தூரம் காட்டுகிறதே, எது சரி?

எங்கிருந்து எங்கே அளக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். திருச்சி விமான நிலையம் ஊருக்குத் தெற்கே, புதுக்கோட்டை சாலையில் இருக்கிறது. யாழ்ப்பாணம் விமான நிலையமோ நகரத்துக்குள் இல்லை, வடக்கே 16 கிலோமீட்டர் தள்ளிப் பலாலியில், ஏறத்தாழ கடற்கரை ஓரத்தில் இருக்கிறது. மலைக்கோட்டையிலிருந்து யாழ் நகரத்துக்கு நூல் பிடித்தால் 190-ஐத் தாண்டிவிடும். விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு அளந்தால் 184. இது போக, கடல் மைலில் தரப்பட்ட 99-ஐச் சாதாரண மைல் என்று நினைத்துக் கிலோமீட்டராக்கி, 159 என்று போடுகிறவர்களும் உண்டு. அதை நம்ப வேண்டாம்.

தரைவழித் தூரம்?

தரையே இல்லை. சில கணக்குப் பக்கங்கள் எந்த இரண்டு ஊரைக் கொடுத்தாலும் "காரில் இத்தனை மணி நேரம்" என்று ஒரு பதிலைத் துப்பிவிடும், சிரித்துவிட்டு நகருங்கள்.

விமானம் எவ்வளவு நேரம் பறக்கும்?

தரையை விட்டு எழும்பிய நொடியிலிருந்து திரும்பத் தரையைத் தொடும் வரை ஏறத்தாழ 35 முதல் 40 நிமிடம். டிக்கெட்டில் போட்டிருக்கும் புறப்பாட்டுக்கும் வருகைக்கும் இடையே ஒரு மணி நேரத்தை ஒட்டி இருக்கும்.

இந்த வழியில் ஓடும் ஏடிஆர் என்ற சிறிய விசிறி விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகம் போகிறது. அப்படியானால் 184 கிலோமீட்டருக்கு 22 நிமிடம்தானே?

கணக்கு சரி, ஆனால் அந்த 500 நடுவானில் போகிற வேகம். இவ்வளவு குறுகிய பயணத்தில் நடுவானில் சமமாகப் பறப்பது கொஞ்ச நேரம்தான். ஏறும்போது வேகம் குறைவு, இறங்கும்போது இன்னும் குறைவு. பந்தல் போட்டு முடிப்பதற்குள் பிரிக்கும் வேளை வந்துவிட்ட மாதிரி, ஏறி நிமிர்ந்ததும் இறங்கத் தொடங்க வேண்டியதுதான்.

டிக்கெட்டில் உள்ள நேரமோ வேறு ஒரு கணக்கு. சக்கரத்துக்கு அடியில் வைத்த கட்டையை எடுக்கும் நேரம் முதல், போய் நின்று கட்டை வைக்கும் நேரம் வரை அது ஓடும். இன்ஜின் முடுக்குவது, ஓடுபாதை வரை உருண்டு போவது, முன்னால் வேறு விமானம் இருந்தால் காத்திருப்பது, இறங்கியபின் நிற்குமிடத்துக்கு வருவது எல்லாம் அதில் அடக்கம். கொஞ்சம் தாமதமானாலும் சமாளிக்கச் சில நிமிடங்களைச் சேர்த்தே அட்டவணை போடுவார்கள். இந்தச் செலவு 184 கிலோமீட்டருக்கும் ஒன்றுதான், 1,000 கிலோமீட்டருக்கும் ஒன்றுதான்.

சந்தேகம் இருந்தால் சென்னை – யாழ்ப்பாணத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தத் தூரம் சுமார் 354 கிலோமீட்டர், திருச்சியைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அட்டவணையில் நேரம் இரண்டு மடங்கா? இல்லை. ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டித்தான் இருக்கும். கூடுதலான 170 கிலோமீட்டருக்கு ஆவது பதினைந்து, இருபது நிமிடம் மட்டுமே.

விமானம் நேர்கோட்டில் போகுமா?

நேர்கோடு வரைந்தால் அது கந்தர்வகோட்டை பக்கமாகப் போய், பேராவூரணிக்கும் பட்டுக்கோட்டைக்கும் இடையே நுழைந்து, மல்லிப்பட்டினம் – அதிராம்பட்டினம் பக்கத்தில் கடலுக்குள் இறங்கும். அதுவரை சுமார் 85 கிலோமீட்டர் நிலம். அப்புறம் யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறைக் கரை வரும் வரைக்கும் பாக்கு நீரிணைதான். ஆனால் விமானம் அந்தக் கோட்டிலேயே போவதில்லை. வகுத்துவைத்த வான்வழிகள் உண்டு. பாதி வழியில் சென்னைக் கட்டுப்பாட்டிலிருந்து கொழும்புக் கட்டுப்பாட்டுக்குக் கைமாற வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது.

விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், எதிர்த்துத்தான் இறங்கும். திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. பலாலியில் வடகிழக்கு – தென்மேற்காக. ஆடி மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அம்மியும் பறக்கும் காற்று மேற்கிலிருந்து வருகிறது. தென்கிழக்கே போக வேண்டிய விமானம் முதலில் மேற்கே பார்த்து ஏறும், பிறகு வளைந்து திரும்பும். பலாலிக்குப் போனதும் நேராக இறங்க முடியாது. வடகிழக்குப் பக்கம் கடலுக்கு மேல் போய், திரும்பி, தென்மேற்கைப் பார்த்து இறங்கும். மார்கழியில் எல்லாம் தலைகீழ். திருச்சியில் கிழக்கே பார்த்து ஏறி அப்படியே வழியைப் பிடிக்கலாம். யாழ்ப்பாணத்தில் குடாநாட்டைச் சுற்றித் தென்மேற்குப் பக்கமிருந்து வந்து இறங்கும்.

இந்த வளைவுகளில் சில நிமிடங்கள் கூடும், குறையும். "போன தடவை சீக்கிரம் வந்துச்சே" என்று பக்கத்து சீட்டுக்காரர் சொன்னால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

எந்த விமானம்? பெரிய விமானம் விட மாட்டார்களா?

ஏடிஆர் 72-600. இரண்டு பக்கமும் விசிறி சுழலும் டர்போபிராப் விமானம், இண்டிகோவிடம் இருப்பதில் 78 இருக்கைகள். "பழைய விமானமா?" என்று விசிறியைப் பார்த்ததும் சிலர் பயப்படுகிறார்கள். பழையது என்பதால் விசிறி இல்லை. குறைந்த தூரத்துக்கு எரிபொருள் குறைவாகக் குடிக்கும், சின்ன ஓடுபாதையில் இறங்கும், அதனால்தான் விசிறி.

சின்ன ஓடுபாதைதான் இங்கே விஷயம். பலாலியில் பயணிகள் விமானங்களுக்குப் பயன்படுவது ஏறத்தாழ 1,400 மீட்டர். திருச்சி ஓடுபாதை கிட்டத்தட்ட 2,480 மீட்டர். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகும் ஏர்பஸ் 320 வகை விமானம் ஆட்களும் சாமான்களும் நிரம்பிய நிலையில் 1,400 மீட்டரில் வந்து போக முடியாது. ஓடுபாதையை நீட்டினால் ஒழிய யாழ்ப்பாணத்துக்கு ஏடிஆர்தான்.

இரண்டு ஊருக்கும் நேர வித்தியாசம் உண்டா?

இல்லை. கடிகாரத்தைத் தொட வேண்டாம். 1996 முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கை தன் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்திருந்தது, அதை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள்தான் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள்.

வீட்டிலிருந்து கிளம்பி யாழ்ப்பாணம் டவுனில் கால் வைக்க மொத்தம் எவ்வளவு நேரம் ஆகும்?

நீங்கள் உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். தில்லை நகரிலிருந்து கிளம்புகிறீர்கள் என்று வையுங்கள். விமான நிலையம் அரை மணி நேரம். வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்பே வரச் சொல்வார்கள். இரண்டரை மணி நேரமாவது வேண்டும், ஏனென்றால் சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் பயணிகளும் அதே இமிகிரேஷன் வரிசையில்தான் நிற்பார்கள். 2024 ஜூனில் புது முனையம் செயல்பாட்டுக்கு வந்தபிறகு நிற்கவும் உட்காரவும் இடம் தாராளம், கோபுரமும் ஓவியங்களுமாகப் பார்க்கவும் நன்றாக இருக்கிறது. பறப்பது ஒரு மணி நேரம். பலாலியில் இமிகிரேஷன், பெட்டி, சுங்கம் எல்லாம் முடிய முக்கால் மணி நேரம் வையுங்கள். அங்கிருந்து யாழ் நகரத்துக்கு வேனிலோ ஆட்டோவிலோ இன்னொரு அரை மணி நேரம்.

கூட்டினால் ஐந்து மணி நேரத்துக்கு மேல். வான்வழியில் அதே தூரத்தில் இருக்கும் கோவைக்குத் திருச்சியிலிருந்து அரசுப் பேருந்தில் போனாலும் ஏறக்குறைய ஐந்து மணி நேரம்தான். இறக்கை முளைத்தும் பேருந்து நேரம்தான் என்று நண்பர் ஒருவர் அலுத்துக்கொண்டார். எனக்கு அதில் வருத்தம் இல்லை. கோவைக்குப் போகிற நேரத்தில் யாழ்ப்பாணம் போய்ச் சேரலாம் என்பது, இந்த விமானம் வருவதற்கு முன் திருச்சியில் யாரும் சொல்ல முடியாத ஒன்று.

முன்பெல்லாம் எப்படிப் போனார்கள்?

கொழும்பு வழியாக. திருச்சியிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையம் சுமார் 417 கிலோமீட்டர், ஏறத்தாழ ஒரு மணி நேரப் பறப்பு. இறங்கியதும் கொழும்பு போய், அங்கிருந்து வடக்கே 400 கிலோமீட்டர் பேருந்திலோ ரயிலிலோ திரும்பி வர வேண்டும். இரவுப் பேருந்தில் ஏறினால் விடிகாலை யாழ்ப்பாணம். தென்கிழக்கே 184 கிலோமீட்டரில் இருக்கும் ஊருக்கு, தெற்கே போய் வடக்கே திரும்பி, எண்ணூறு கிலோமீட்டர் சுற்று.

இன்னொரு வழி சென்னை. சென்னைக்கு ரயிலில் நாலைந்து மணி நேரம், அப்புறம் விமானம். பாதிப் பேருக்கு அந்த அலைச்சலுக்கே மனம் வராது.

யாழ்ப்பாணத்துக்கு விமானம் விடுவது இதுதான் முதல் முறையா?

இல்லவே இல்லை. பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை போட்டது. இலங்கை விடுதலை பெறுவதற்கும் முன்பே, 1947 டிசம்பர் 10 அன்று, ஏர் சிலோன் தன் முதல் விமானத்தை ரத்மலானையிலிருந்து சென்னைக்கு விட்டபோது அது காங்கேசன்துறையில் இறங்கித்தான் போனது. ஒரு நாட்டின் விமான நிறுவனத்தின் முதல் பயணமே யாழ்ப்பாணத்தைத் தொட்டுப் போயிருக்கிறது.

பிறகு போர் வந்தது. பலாலி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது, சுற்றியிருந்த ஊர்களின் மக்கள் வெளியேற வேண்டியதாயிற்று. உள்நாட்டு விமானங்கள் அவ்வப்போது ஓடின. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து ரத்மலானைக்குக் கிளம்பிய லயன் ஏர் விமானம் மன்னார்ப் பக்கக் கடலில் விழுந்து அதிலிருந்த 55 பேரும் இறந்தார்கள். அந்தக் காலத்தில் இந்த நீரிணையைப் படகில் கடந்து இந்தியாவுக்கு வந்தவர்கள் ஏராளம். திருச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் கொட்டப்பட்டு முகாமில் வாழ்கிறவர்கள் அப்படி வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்தான். ஏடிஆர் ஏறுகிற சத்தம் அவர்கள் வீட்டுக்குள் கேட்கும்.

பலாலி 2019 அக்டோபர் 17 அன்று யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரில் திறக்கப்பட்டது. நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து வரத் தொடங்கியது. நாலு மாதம் ஓடுவதற்குள் கொரோனா. 2022 டிசம்பர் 12 அன்று மறுபடி தொடங்கி, 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சென்னையிலிருந்து விட்டது. திருச்சியின் முறை அதற்கடுத்த வருடம் வந்தது.

மதுரையிலிருந்து போகிறவர்களுக்கு எது நல்லது?

மதுரையும் பலாலியும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகை. ஆனால் தூரம் சுமார் 217 கிலோமீட்டர், திருச்சியைவிடக் கூடுதல். திருச்சிக்கு வந்து ஏறுங்கள், நாலுவழிச் சாலையில் இரண்டு மணி நேரம்தான். பேருந்தில் வருகிறவர்கள் பஞ்சப்பூர் புதிய பேருந்து முனையத்தில் இறங்க வேண்டியிருக்கும், அங்கிருந்து விமான நிலையத்துக்கு ஆட்டோ பிடிக்கும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

நாகப்பட்டினம் கப்பலோடு ஒப்பிட்டால்?

நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கடல்வழி சுமார் 110 கிலோமீட்டர், நாலு மணி நேரம். 2023 அக்டோபரில் தொடங்கிச் சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பலோடு மீண்டும் வந்தது. திருச்சியிலிருந்து நாகைக்கு மூன்றரை மணி நேரமாவது ஆகும், அதற்குமேல் குடியேற்றப் பரிசோதனை. ஆக, நாள் முழுவதும் போய்விடும். வடகிழக்குப் பருவமழை வந்தால் கடல் சரியில்லை என்று சேவையை நிறுத்தியும் விடுவார்கள். சாமான் நிறைய, அவசரம் இல்லை, கடல் ஒத்துக்கொள்ளும் என்றால் கப்பல். வயதானவர்களோடு போனால் விமானம்.

சாமான் எவ்வளவு கொண்டுபோகலாம்?

உங்கள் டிக்கெட்டில் போட்டிருக்கும் எடைதான், அதைத் தாண்ட வேண்டாம். ஏடிஆரில் தலைக்கு மேலே உள்ள அலமாரி சிறியது. பெரிய விமானத்தில் கையோடு கொண்டுபோகும் தள்ளுபெட்டி இதில் நுழையாமல் போகலாம். கல்யாணப் பட்டுப்புடவைகளோடு யாழ்ப்பாணம் திரும்புகிறவர்கள் முன்கூட்டியே கூடுதல் எடைக்குப் பணம் கட்டிவிடுவது நல்லது, கவுன்டரில் கட்டினால் அதிகமாகும்.

விசா வேண்டுமா?

வேண்டும். தூரத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். இந்தியர்கள் இலங்கையின் ஈடிஏ எனும் இணைய அனுமதியை ஏறுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். இதன் விதிகளையும் கட்டணத்தையும் அடிக்கடி மாற்றுகிறார்கள், ஆகவே அரசுத் தளத்தில் மட்டும் பாருங்கள். இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் இந்திய விசா எடுக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலேயே இந்தியத் துணைத் தூதரகம் 2010 முதல் இருக்கிறது. இ-விசாவோடு வருகிறவர்கள் இறங்க அனுமதியுள்ள விமான நிலையங்களில் திருச்சியும் ஒன்று.

எந்தப் பக்க ஜன்னல்?

ஏடிஆரின் இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் எந்த ஜன்னலிலிருந்து பார்த்தாலும் கீழே தெரியும். யாழ்ப்பாணம் போகும்போது இடது பக்கம் உட்கார்ந்தால், வானம் தெளிவாக இருக்கும் நாளில் கோடியக்கரை முனை தெரியும், தமிழ்நாட்டுக் கரை அங்கே ஒரு மூக்கு மாதிரி கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். வலது பக்கம் இறங்கும் நேரத்தில் நெடுந்தீவும் மற்றத் தீவுகளும். எனக்குக் கேட்டால் இடது பக்கம். பின் வாசல் வழியாக ஏற்றுவதால் முன் வரிசைக்காரர்கள் கடைசியில்தான் இறங்குவார்கள். பலாலி இமிகிரேஷனில் முதல் ஆளாக நிற்க வேண்டுமென்றால் பின்வரிசையில் இடது ஜன்னல் கேளுங்கள்.

திரும்பி வரும்போதும் அதே நேரம்தானா?

ஏறக்குறைய. ஆடியில் எதிர்க்காற்று, சில நிமிடம் கூடலாம். ஜன்னல் மட்டும் மாறும், கோடியக்கரை இப்போது வலது பக்கம்.